கூன்முதுகுத் துப்பாக்கி: வாங்கும் முன் எதைப் பார்ப்பது?

அமெரிக்காவில் பழைய வேட்டைத் துப்பாக்கிகள் விற்கும் கடைகளில் ஒரு துப்பாக்கியைத் தூரத்திலிருந்தே அடையாளம் கண்டுவிடலாம். அதன் இரும்பு உடல் பின்பக்கம் செங்குத்தாக இறங்கும். பார்க்கக் கூன் விழுந்த முதுகு போலிருக்கும். இதுதான் பிரௌனிங் ஆட்டோ-5. பெருமளவில் தயாரான முதல் செமி ஆட்டோமேட்டிக் ஷாட்கன் இது. குழலில் ஒன்று, மேகசினில் நான்கு என ஐந்து தோட்டாக்கள் கொள்வதால் அந்தப் பெயர்.

இதை வடிவமைத்தவர் ஜான் மோசஸ் பிரௌனிங். விற்கும் ஒவ்வொரு துப்பாக்கிக்கும் உரிமத்தொகை வேண்டும் என்று அவர் கேட்டார். வின்செஸ்டர் மறுத்தது. 1902-ல் அவர் பெல்ஜியத்தின் எஃப்.என். நிறுவனத்திடம் போனார். 1970-களின் நடுவில் தயாரிப்பு அங்கிருந்து ஜப்பானின் மிரோகு ஆலைக்கு மாறி, 1998-ல் முடிந்தது. ஆகவே இன்று கிடைப்பவை பெரும்பாலும் யாரோ ஒருவர் பயன்படுத்தியவைதான்.

முதலில் பாதுகாப்பு

கையில் வாங்கியதும் குழலிலும் மேகசினிலும் தோட்டா இல்லை என்பதை நீங்களே பார்த்து உறுதி செய்யுங்கள். விற்பவர் சொல் போதாது. பிறகுதான் மற்றதெல்லாம்.

முன்கட்டைக்குள் இருக்கிறது கதை

இந்தத் துப்பாக்கியில் சுட்டவுடன் குழலும் போல்ட்டும் பூட்டியபடியே ஒன்றாகப் பின்னால் ஓடும். பிறகு குழல் முன்னே திரும்ப, காலித் தோட்டா வெளியே விழும். கடைசியாகப் போல்ட் அடுத்த தோட்டாவைத் தள்ளிக்கொண்டு மூடும். இவ்வளவு கனமான ஓட்டத்தைத் தாங்குவது, குழலுக்கு அடியிலுள்ள மர முன்கட்டைக்குள் இருக்கும் ஒரு ஸ்பிரிங், ஓர் எஃகு வளையம், ஒரு வெண்கல உராய்வுத் துண்டு.

12 கேஜ் துப்பாக்கியில் வீரியமான தோட்டாவுக்கு எஃகு வளையம் ஸ்பிரிங்கின் முன்னால், வெண்கலத் துண்டை ஒட்டி இருக்க வேண்டும். லேசான தோட்டாவுக்கு அதைக் கழற்றி ஸ்பிரிங்கின் பின்னால் வைக்க வேண்டும். வளையத்தைப் பின்னாலேயே விட்டு வீரியத் தோட்டாவைச் சுட்டுவந்தால் அடி முழுவதும் உலோகத்திலும் மரத்திலும் இறங்கும். அதனால் முன்கட்டையைக் கழற்றி, உள்ளே மெல்லிய மரத்தில் விரிசல் உண்டா என்று பாருங்கள். ஆட்டோ-5-ல் அடிக்கடி காணும் சேதம் இதுதான். வளையம் எங்கே இருக்கிறது, வெண்கலத் துண்டு தேய்ந்திருக்கிறதா என்பதையும் பாருங்கள். இதற்கு முன் வைத்திருந்தவர் எப்படிப் பயன்படுத்தினார் என்பது அங்கே தெரிந்துவிடும்.

எல்லாவற்றையும் திரும்பப் பூட்டியபின், காலித் துப்பாக்கியின் குழல் முனையை மெத்தென்ற துணிமேல் ஊன்றி அழுத்துங்கள். குழல் தடையின்றி உள்ளே போய், மெல்ல விட்டால் தடங்கலின்றித் திரும்ப வேண்டும்.

குழலும் முத்திரையும்

குழலுக்குள் வெளிச்சத்தில் பாருங்கள். துருக்குழி, நசுங்கல், வீக்கம் இவற்றில் எது இருந்தாலும் விலை இறங்கும். வீக்கம் இருந்தால் அந்தக் குழலால் சுடவே கூடாது. பிறந்த ஊரைக் குழலில் உள்ள எழுத்துகளில் தேடுங்கள். பெல்ஜியக் குழல்களில் சோக்கை, அதாவது குழல் முனையின் நெருக்கத்தை, நட்சத்திரக் குறியால் காட்டுவார்கள்: ஒரு நட்சத்திரம் என்றால் முழு நெருக்கம், மூன்று என்றால் நெருக்கமே இல்லாத நேர்க்குழல்.

இதில் பணத்தோடு தொடர்புள்ள ஒன்று உண்டு. அமெரிக்காவில் 1991 முதல் நீர்ப்பறவை வேட்டைக்கு ஈயக் குண்டு தடை. அதற்குப் பதிலாகப் பயன்படும் எஃகுக் குண்டைப் பழைய பெல்ஜியக் குழலில் போட வேண்டாம் என்பது பிரௌனிங் நிறுவனத்தின் அறிவுரை. வாத்து வேட்டைக்காகத் தேடுபவருக்கு, கழற்றி மாற்றும் சோக் கொண்ட ஜப்பானியக் குழல்தான் உதவும். பழைய 16 கேஜ் துப்பாக்கிகளில் தோட்டா அறை 65 மில்லிமீட்டர் மட்டுமே. இன்றைய 70 மில்லிமீட்டர் தோட்டா அதற்குப் பொருந்தாது. துப்பாக்கி பழுதுபார்ப்பவரிடம் அளந்து பார்க்கச் சொல்லுங்கள்.

பளபளப்பு விலையல்ல

சேகரிப்பவர் தேடுவது, ஆலையிலிருந்து வந்தபடியே இருப்பதை. புதிதாகப் பூசிய நீலம், தேய்த்து மெருகேற்றிய மரம், வெட்டிக் குறைத்த குழல், தொலைநோக்கி பூட்ட உடலில் போட்ட துளை, பின்கட்டையில் செருகிய ரப்பர்: இவை ஒவ்வொன்றும் மதிப்பைக் குறைக்கும். கைபட்டுத் தேய்ந்த அசல் நீலமே புதுப்பூச்சைவிட மேல். வேட்டைக்கு மட்டும் வேண்டும் என்றால் இதே குறைகள் உங்களுக்கு லாபம்; நன்றாக இயங்கும் துப்பாக்கி மலிவாகக் கிடைக்கும்.

எனவே நீங்கள் சேகரிப்பவரா, சுடுபவரா என்பதை முதலில் முடிவு செய்யுங்கள். அதன்பின் விலை பேசும் முன், முன்கட்டையைக் கழற்றிக் காட்டச் சொல்லுங்கள். தயங்குபவரிடம் வாங்காதீர்கள்.