திண்டிவனம் சாலையில் ஓடிய லேலண்ட் லாரிகள்

சென்னையிலிருந்து தெற்கே புறப்படும் பெருஞ்சாலை திண்டிவனத்தைத் தொட்டவுடன் பல கிளைகளாக விரிந்து, ஒன்று விழுப்புரம் வழியாகத் திருச்சிராப்பள்ளிக்கும், ஒன்று செஞ்சியைக் கடந்து திருவண்ணாமலைக்கும், ஒன்று மரக்காணத்து உப்பளங்களுக்கும், மற்றொன்று புதுச்சேரிக்கும் செல்கிறது. இந்தப் புதுச்சேரிச் சாலையிலிருந்து சற்றே விலகி, திருஞானசம்பந்தரால் பாடப்பெற்ற மாகாளேசுவரர் கோயிலைக் கொண்டு விளங்கும் இரும்பை கிராமத்தில், இரவு ஊரடங்கிய பிறகு, சுமையோடு போகும் லாரிகள் கியர் மாற்றும் ஓசை வயல்களைத் தாண்டிக் கேட்பதுண்டு. அந்த ஓசை ஒன்றைக் கொண்டே, இது லேலண்ட், இது பென்ஸ், இது பெட்போர்டு என்று சொல்லிவிடக்கூடிய பெரியவர்கள் முன்பு இந்தப் பக்கத்தில் அநேகர் இருந்தார்கள். மரக்காணத்து உப்பையும், கடலோரத்துச் சவுக்குக் கட்டையையும், மணிலாக்கொட்டை (நிலக்கடலை) மூட்டைகளையும் சுமந்து திரிந்த அந்த வண்டிகளில் பெரும்பாலானவை இன்று இல்லை. அவற்றை வெறும் பழைய இரும்பென்று நாம் விட்டுவிட்டது எவ்வளவு பெரிய நஷ்டம் என்பதை, அவற்றின் யந்திர அமைப்பைச் சிறிது விளக்கினால் வாசகர்களே உணர்வார்கள் என்று நம்புகிறேன்.

லேலண்ட் என்பது இங்கிலாந்தில் லங்காஷயர் பிரதேசத்திலுள்ள ஒரு சிற்றூரின் பெயர். அங்கே 1896ஆம் ஆண்டில் ஜேம்ஸ் சம்னர் என்பவரும் ஸ்பரியர் குடும்பத்தினரும் சேர்ந்து நீராவி வண்டிகள் செய்வதற்காக ஏற்படுத்திய ஸ்தாபனமே, 1907இல் லேலண்ட் மோட்டார்ஸ் என்ற பெயரைப் பெற்றுப் பிற்காலத்தில் உலகெங்கும் லாரிகளை அனுப்பியது. நம் பக்கத்தில், சுதந்திரம் அடைந்த மறு வருஷமே ரகுநந்தன் சரண் என்ற தொழிலதிபர் தம் புதல்வரின் பெயரால் அசோக் மோட்டார்ஸ் என்னும் கம்பெனியைத் தொடங்கி, சென்னைக்கு வடக்கே எண்ணூரில் ஆஸ்டின் கார்களைப் பூட்டும் தொழிற்சாலையை அமைத்தார். 1950இல் லேலண்ட் கம்பெனியோடு உடன்படிக்கை ஏற்பட, அடுத்த ஆண்டிலேயே 'காமெட்' என்னும் லாரிகள் எண்ணூரில் பூட்டப்பட்டு வெளிவந்தன; 1955இல் லேலண்டாரும் பங்குதாரராகச் சேர்ந்தபோது கம்பெனி அசோக் லேலண்ட் ஆயிற்று. வால்நட்சத்திரத்தின் பெயரைத் தாங்கிய அந்த வண்டியின் வடிவம் பிறந்த நாட்டில் மறைந்த பிறகும், அதன் வமிசம் எண்ணூரில் பல்லாண்டு காலம் தொடர்ந்து வளர்ந்து வந்தது.

காமெட்டின் ஆரம்பகால எஞ்சினில் ஆறு சிலிண்டர்கள். அவற்றின் கொள்ளளவு மொத்தம் 350 கன அங்குலம், அதாவது ஏறக்குறைய ஐந்தேமுக்கால் லிட்டர். அது டீசல் எஞ்சின். பெட்ரோல் எஞ்சினில் எரிபொருளும் காற்றும் முன்கூட்டியே கலந்து உள்ளே சென்று, ஒரு மின்பொறியால் பற்றவைக்கப்படுகின்றன. டீசல் எஞ்சினில் அந்தப் பொறியே கிடையாது. வெறும் காற்று மட்டும் சிலிண்டருக்குள் இழுக்கப்பட்டு, தன் இயல்பான பரிமாணத்தில் பதினாறில் ஒரு பங்கு அளவுக்குப் பிஸ்டனால் நெருக்கப்படுகிறது; சைக்கிள் பம்பை வேகமாக அடிக்கும்போது அதன் அடிப்பாகம் கையைச் சுடுகிறதே, அதே விதியின்படி அந்தக் காற்று சுமார் 500 டிகிரி சென்டிகிரேடு வரை உஷ்ணமடைகிறது. அந்த க்ஷணத்தில் நாசில் வழியாக மிகுந்த அழுத்தத்துடன் பனிப்புகைபோல் பீச்சப்படும் எண்ணெய், தீக்குச்சியின் தயவு ஏதுமின்றித் தானே பற்றிக்கொள்கிறது. ருடால்ப் டீசல் என்னும் ஜெர்மானிய மேதை 1897இல் இயக்கிக் காட்டிய எஞ்சின், எரிபொருளின் சக்தியில் நாலில் ஒரு பங்குக்கும் சற்று மேலாகவே வேலையாக மாற்றிற்று. அக்காலத்து நீராவி எஞ்சின்களில் பெரும்பாலானவை பத்தில் ஒரு பங்கை எட்டுவதே அரிது.

இவ்விடத்தில் எங்கள் ஜில்லாவுக்குச் சம்பந்தமான ஒரு செய்தியைச் சொல்லாமல் மேலே போக மனம் வரவில்லை. 1900ஆம் ஆண்டு பாரிஸ் நகரப் பொருட்காட்சியில் வைக்கப்பட்ட சிறிய டீசல் எஞ்சின் ஒன்று, பிரெஞ்சு அரசாங்கத்தின் விருப்பப்படி, மணிலாக்கொட்டை எண்ணெயிலேயே ஓட்டிக் காட்டப்பட்டது. தங்கள் ஆப்பிரிக்கக் குடியேற்றங்களில் விளையும் கொட்டையைக் கொண்டு அங்கேயே யந்திரங்களை இயக்கலாமே என்பது அவர்கள் எண்ணம். தென்னாற்காட்டு மானாவாரிப் புன்செய்களில் விளைந்த கொட்டை புதுச்சேரித் துறைமுகத்தில் கப்பலேறி மார்செய்ல்ஸ் நகரத்து எண்ணெய் ஆலைகளுக்குப் போய்க்கொண்டிருந்த காலமும் அதுதான். பிற்காலத்தில் அதே கொட்டையை மூட்டை மூட்டையாக ஏற்றிக்கொண்டு திண்டிவனம் சாலையில் போன டீசல் லாரியின் முன்னோர், அந்தக் கொட்டையின் எண்ணெயைக் குடித்தும் ஓடியிருக்கிறது என்பதை நினைக்கும்போதெல்லாம் எனக்கு வியப்பு அடங்குவதில்லை.

டீசல் லாரிகள் பெருகுவதற்கு முன், இரண்டாம் உலக யுத்தத்தின்போது பெட்ரோல் கிடைக்காமல் போன காலத்தில், நம் சாலைகளில் கரி வாயுவில் வண்டிகள் ஓடின. வண்டியின் பக்கத்திலோ பின்புறத்திலோ ஓர் இரும்பு உருளையைப் பொருத்தி, அதில் அடுப்புக்கரியை இட்டு, போதிய காற்று விடாமல் புழுங்க எரித்தால், எரிந்து தீராத கார்பன் மோனாக்சைடு வாயு உண்டாகும். அதைக் குளிரச் செய்து வடிகட்டி எஞ்சினுக்கு அனுப்புவார்கள். அந்த வாயுவில் சரிபாதிக்குமேல் எரியாத நைட்ரஜனே கலந்திருப்பதால், எஞ்சினின் வலுவில் மூன்றிலொரு பங்கு குறைந்துவிடும். மேடு வந்தால் பிரயாணிகள் இறங்கித் தள்ளினார்கள். ஆயினும் போக்குவரத்து அறவே நின்றுவிடாமல் காத்தது அந்தக் கரியே, மதுரையில் டி.வி. சுந்தரம் அய்யங்காரின் நிறுவனத்தார் செய்து கொடுத்த வாயு உலைக்கு அந்நாளில் இருந்த மதிப்பு சாமானியமன்று.

லேலண்ட் ஓட்டுவது ஒரு தனி வித்தை. இன்றைய வண்டிகளில் கியர்ச் சக்கரங்களின் வேகத்தை ஒன்றுபடுத்த உள்ளேயே ஓர் ஏற்பாடு இருக்கிறது. பழைய லாரிகளின் கியர்ப் பெட்டியில் அது இல்லை. சாலையோடு தொடர்புள்ள சக்கரம் ஒரு வேகத்திலும், எஞ்சினோடு தொடர்புள்ள சக்கரம் வேறொரு வேகத்திலும் சுற்றிக்கொண்டிருக்கையில் அவற்றின் பற்களைப் பலவந்தமாகக் கோத்தால், ஊரே திரும்பிப் பார்க்கும்படியான ஓலம் எழும், பல்லும் உடையும். ஆகவே ஓட்டுநர் கிளச்சை ஒருமுறை மிதித்துக் கியரை நடுநிலைக்குக் கொண்டுவந்து, கிளச்சை விட்டு, கீழ்க் கியருக்குப் போவதானால் ஆக்ஸிலரேட்டரை அளவாக ஓர் அழுத்து அழுத்திச் சக்கரத்தின் வேகத்தை ஏற்றி, மறுபடியும் கிளச்சை மிதித்துக் கியரைச் செருகுவார். மேல் கியருக்கானால் அழுத்தாமல் ஒரு மூச்சுவிடும் நேரம் காத்திருக்க வேண்டும். இத்தனையும் மேட்டில் பத்து டன் கனம் பின்னே இழுக்கும்போது, இரண்டு விநாடிக்குள் நடந்தாக வேண்டும். எத்தனை சுற்றுக்கு எத்தனை வேகம் என்று அளந்து காட்டும் கருவி எதுவும் அவர் முன்னே இல்லை. எஞ்சினின் குரல் எந்தச் சுருதிக்கு ஏறும்போது பல் தானாக வழுக்கி விழும் என்பதைச் செவியே அறிந்திருந்தது. திண்டிவனத்து லாரி ஷெட் ஒன்றில், சிறுவனாகிய நான் பக்கத்து இருக்கையில் அமர்ந்து, ஒரு முதியவர் இரண்டே விரல்களால் அந்த நீண்ட கியர்க் கம்பியை நகர்த்தக் கண்டிருக்கிறேன், சத்தமே எழவில்லை. எழுத்தறியாத அந்த மனிதர், கணித சாஸ்திரம் சமன்பாடாக எழுதுவதைக் காதால் தீர்த்துக்கொண்டிருந்தார் என்பது வளர்ந்த பிறகே எனக்கு விளங்கிற்று.

பிரேக்கின் கதையும் இதே போன்றது. பெட்ரோல் எஞ்சின் காற்றை உறிஞ்சும்போது உண்டாகும் வெற்றிடத்தைக் கொண்டே பிரேக்கை இழுக்கலாம். டீசல் எஞ்சினில் காற்றின் வழியை அடைத்துக் கட்டுப்படுத்தும் கதவு இல்லையாதலால் அந்த வெற்றிடம் கிடைப்பதில்லை. அதற்கென்று தனியே ஒரு பம்பை வைத்தாலும், வெளிக்காற்றின் அழுத்தத்துக்கு மேற்பட்ட பலத்தை அதனிடம் பெறவே முடியாது. அமுக்கிய காற்றை உபயோகிக்கும் ஏர் பிரேக்கிலோ அதைப்போல ஆறேழு மடங்கு பலம் உண்டு. இந்த ஏர் பிரேக்கைச் செய்வதற்காகவே இங்கிலாந்தின் கிளேட்டன் டுவாண்டர் கம்பெனியுடன் கூடி 1962இல் சுந்தரம் கிளேட்டன் சென்னைப் பாடியில் தோன்றியது. அதற்கு முந்தைய ஆண்டில் லூகாஸ் டி.வி.எஸ். அங்கே ஏற்பட்டிருந்தது. மவுண்ட் ரோட்டில் 1840 முதல் குதிரை வண்டிகள் கட்டிவந்த சிம்சன் கம்பெனியார் பெர்கின்ஸ் டீசல் எஞ்சின்களைச் செய்யலாயினர். சென்னையை இன்று மோட்டார்த் தொழிலின் தலைநகரம் என்று பெருமையாகச் சொல்லிக்கொள்கிறோம். அந்தப் பெருமைக்கு அஸ்திவாரம், பளபளக்கும் கார்களுக்கு வெகு காலத்துக்கு முன்பே, சுமை வண்டிகளுக்காக உருக்கிய இரும்பில் போடப்பட்டது என்பதே என் துணிபு.

இங்கிலாந்தில் லாரிகளைப் போலவே லாரிக் கம்பெனிகளின் மீதும் ஜனங்களுக்கு அபிமானம் உண்டு. பிக்போர்ட்ஸ், கார்ட்டர் பேட்டர்சன் முதலான பழம்பெரும் ஸ்தாபனங்கள் குதிரை வண்டிக் காலத்திலிருந்தே சுமை ஏற்றி வந்தவை. 1947ஆம் ஆண்டுச் சட்டத்தால் நெடுந்தூரச் சரக்குப் போக்குவரத்து அங்கே அரசுடைமையாக்கப்பட்டு, பிரிட்டிஷ் ரோட் சர்வீசஸ் என்ற ஒரே பெயரின்கீழ் எண்ணற்ற சிறு கம்பெனிகள் மறைந்தன; சில ஆண்டுகளில் ஆட்சி மாற, பல மீண்டும் தனியார் கைக்கு வந்தன. நம் நாட்டில் பஸ்களை அரசாங்கம் எடுத்துக்கொண்டதே தவிர லாரிகளைத் தொடவில்லை. ஆகவே நாமக்கல், சங்ககிரி, திருச்செங்கோடு வட்டாரங்களில் ஒரே லாரியின் டிரைவர் நாளடைவில் பத்து லாரிகளின் அதிபதியாவது சாத்தியமாயிற்று. எண்ணூரிலிருந்து முகப்பும் சட்டமுமாக மட்டும் வெளிவந்த வண்டிக்கு மரத்தால் கூண்டு கட்டி, நெற்றியில் குலதெய்வத்தின் பெயரையும் பக்கவாட்டில் தாமரையையும் தீட்டிய நம் ஊர்ப் பாடி கட்டுவோரின் கைத்திறன், லங்காஷயரில் பிறந்த யந்திரத்தை முழுத் தமிழ் வண்டியாக ஆக்கிவிட்டது.

பிறந்தகத்து லேலண்டின் வரலாறு சோகமானது. ஆல்பியன், ஸ்காமல், ஏ.இ.சி. என்று ஒவ்வொரு கம்பெனியாக வாங்கிப் பெருத்து, 1968இல் கார்க் கம்பெனிகளோடும் இணைந்து, 1975இல் அரசாங்கத்தின் கைக்குப் போய், கடைசியில் துண்டுதுண்டாக அந்நியருக்கு விற்கப்பட்டது. லேலண்ட் ஊரில் இன்றும் லாரிகள் செய்கிறார்கள். ஆனால் அவற்றின்மேல் அந்தப் பெயர் இல்லை. அந்தப் பெயரைத் தாங்கிய புதிய லாரிகள் நம் நாட்டிலிருந்து புறப்படுகின்றன. இருந்தும் பழமையைப் போற்றுவதில் அவர்களுக்கு நாம் ஈடாகவில்லை. அவ்வூரில் 1983 முதல் சுமை வண்டிகளுக்கென்றே ஓர் அருங்காட்சியகம் நடக்கிறது. பழைய லாரிகளை லண்டனிலிருந்து பிரைட்டன் வரை ஊர்வலமாக ஓட்டிவரும் வழக்கம் 1962இல் தொடங்கியது.

இங்கே பழைய காமெட்டின் கதி என்ன? ஓட்டை உடைசலாகி, காஸ் கட்டரால் அறுபட்டு, உருப்படியான பாகங்கள் புதுப்பேட்டைக் கடைகளுக்குப் போக, மற்றவை உருக்காலைக்குப் போகின்றன. அவற்றை மறுபடியும் சாலையில் ஓட்ட வேண்டும் என்று நான் சொல்லவில்லை. எண்ணெய்க்குத் தக்க காற்று கிடைக்காமல் அரைகுறையாக எரிந்த கரித்துகளே அவற்றின் கறும்புகை. அது நுரையீரலுக்குக் கேடு என்பதில் ஐயமில்லை. ஓட்டம் நின்ற வண்டியையேனும் காப்பாற்றி வைக்கலாம் அல்லவா? 2021இல் மத்திய அரசு, ஐம்பது ஆண்டுகளைக் கடந்த வாகனங்களைப் பழமைச் சின்னமாகப் பதிவு செய்துகொள்ள விதி வகுத்தபோது, சொந்த உபயோகத்துக்கான மோட்டார் சைக்கிளுக்கும் காருக்கும் மட்டுமே அந்த மரியாதையை அளித்தது. செல்வந்தர் உலாப்போன கார் சரித்திரமாகிவிட, ஒரு ஜில்லாவின் உப்பையும் கொட்டையையும் விறகையும் சுமந்த லாரி சரித்திரத்தில் சேராமல் போனது நியாயமன்று. விதியில் சரக்கு வாகனங்களையும் சேர்க்க வேண்டும்.

அதுவரையில், திண்டிவனத்திலோ விழுப்புரத்திலோ வானூரிலோ யாருடைய ஷெட்டிலாவது பழைய லேலண்ட் ஒன்று நின்றுகொண்டிருக்குமானால், அதை எடைக்குப் போடுவதற்கு முன் நாலாபுறமும் படமெடுத்து, சேஸிஸ் எண்ணையும் பெயர்த்தகட்டையும் பத்திரப்படுத்தி, அதை ஓட்டியவர் உயிரோடிருந்தால் அவர் சொல்லும் விவரங்களை எழுதி வைத்து, அருகிலுள்ள பொறியியல் கல்லூரியையோ பாலிடெக்னிக்கையோ ஒருமுறை அணுகிக் கேட்டுப் பாருங்கள் என்று வாசகர்களை வேண்டிக்கொள்கிறேன்.