ஒரு கட்டுரைக்கு எத்தனை கிலோ?

டயகமவில், தேயிலைத் தோட்டத்தில் கொழுந்து நிறுக்கும் இடத்தில் தராசு சொல்வதுதான் தீர்ப்பு. கேட்ட கிலோ இருந்தால் முழுப்பேர், அதாவது முழுநாள் சம்பளம்; குறைந்தால் அரைப்பேர். மழையில் எந்தச் சரிவில் நின்று பறித்தது என்பதெல்லாம் செக்ரோல் என்ற பதிவேட்டில் ஏறாது. மருத்துவ ஆய்வாளர்களுக்கும் இப்படி ஒரு தராசு இருக்கிறது. ஒருவர் எழுதிய கட்டுரையை மற்ற ஆய்வாளர்கள் தங்கள் கட்டுரைகளில் எத்தனை தடவை மேற்கோள் காட்டினார்கள் என்பதே அதன் கிலோக் கணக்கு.

2005இல் ஹிர்ஷ் என்ற பௌதிகவியலாளர் இதற்கு ஒரு சுட்டெண் கண்டுபிடித்தார். ஒருவருடைய 20 கட்டுரைகள் தலா 20 தடவையாவது மேற்கோள் காட்டப்பட்டிருந்தால் அவருடைய எச்-சுட்டெண் 20. ஒரே கட்டுரையால் பெயர் வாங்கியவரும் இதில் மேலே வர முடியாது. யாரும் திரும்பிப் பாராத கட்டுரைகளை எழுதிக் குவித்தவரும் வர முடியாது. கண்டியில் பிறந்து, பேராதனையில் மருத்துவம் படித்த வைரஸ் ஆய்வாளர் மலிக் பீரிஸின் சுட்டெண் 100ஐத் தாண்டியது.

அவருடைய 1979ஆம் ஆண்டுக் கட்டுரை ஒன்றை எடுத்துக்கொள்வோம். ஒக்ஸ்போர்டில் ஜேம்ஸ் போர்ட்டர்ஃபீல்டுடன் சேர்ந்து எழுதி ‘நேச்சர்’ இதழில் வெளியானது. அது ஆராய்ந்த சிக்கல் இதுதான். வைரசைப் பிடிக்கத்தான் உடல் பிறபொருளெதிரியை உண்டாக்குகிறது. ஆனால் அதன் அளவோ பொருத்தமோ போதாவிட்டால், அது வைரசில் ஒட்டிக்கொள்ளுமே தவிர அடக்காது. கிருமிகளை விழுங்கும் வெண்குழியங்களோ பிறபொருளெதிரியின் வாலைப் பிடித்து உள்ளே இழுக்கும் இயல்புள்ளவை. வாலோடு வைரசும் உள்ளே போய், அழிவதற்குப் பதிலாகப் பெருகுகிறது. டெங்கு இரண்டாம் தடவை வேறு வகையாக வரும்போது சிலருக்கு ஏன் உயிராபத்தாகிறது என்பதற்கு டெங்கு ஆய்வாளர் ஸ்கொட் ஹால்ஸ்டெட் ஏற்கெனவே இதே வழியில் விளக்கம் தேடிக்கொண்டிருந்தார். டெங்கு பரவப் பரவ, இந்தப் பழைய கட்டுரைகளையும் மறுபடி மறுபடி புரட்ட வேண்டியிருக்கிறது.

2003இல் ஹொங்கொங்கில் சார்ஸ் பரவியபோது, பீரிஸின் குழு இரண்டு நோயாளிகளிடமிருந்து புதிய கொரோனா வைரஸ் ஒன்றைப் பிரித்தெடுத்தது. 50 நோயாளிகளைச் சோதித்ததில் 45 பேரிடம் அதன் தடயம் இருந்தது. ‘லான்செட்’ இதழில் வந்த அந்தக் கட்டுரைக்கு மேற்கோள்கள் ஆயிரக்கணக்கில் குவிந்தன. அது நியாயமான எடைதான்.

இந்த இரண்டு கட்டுரைகளுக்கும் இடையில் ஒரு வேலை இருக்கிறது. எனக்கு அதுதான் பெரிதாகப் படுகிறது. எண்பதுகளில் அநுராதபுரப் பகுதியில் ஜப்பானிய மூளைக்காய்ச்சல் பரவியது. வயல்நீரில் பெருகும் நுளம்பு பன்றியைக் கடிக்கிறது, பன்றியின் உடலில் வைரஸ் பெருகுகிறது, அந்தப் பன்றியைக் கடித்த நுளம்பு பிறகு மனிதரைக் கடிக்கிறது. அப்போது பேராதனையில் இருந்த பீரிஸும் கூட்டாளிகளும் நுளம்பு, பன்றி, மனிதர் மூன்றையும் ஒன்றாக ஆராய்ந்து 1992இல் வெளியிட்டார்கள். கட்டுரை வெளிவருமுன், 1988இலேயே இலங்கையில் அந்நோய்க்குத் தடுப்பூசி தொடங்கிவிட்டது. ஆனால் மேற்கோள் கணக்கில் அந்த ஆய்வு சார்ஸ் கட்டுரையின் கிட்டவும் வராது. ஒரு நாட்டின் வயலும் பன்றியும் பற்றிய ஆய்வை எத்தனை நாட்டார் மேற்கோள் காட்டப்போகிறார்கள்? தடுப்பூசி போட்டுக்கொண்ட பிள்ளையா அடிக்குறிப்பு எழுதப்போகிறது?

உலகில் மிக அதிகமாக மேற்கோள் காட்டப்பட்ட கட்டுரை எதுவென்று பார்த்தால், அது எந்த நோயையும் கண்டுபிடித்ததல்ல. புரதத்தின் அளவைக் கணக்கிட ஒலிவர் லௌரி 1951இல் சொன்ன செய்முறை. மேற்கோள்கள் மூன்று இலட்சத்துக்கும் மேல்! எல்லா ஆய்வுகூடத்துக்கும் தேவைப்பட்டது, எல்லாரும் குறிப்பிட்டார்கள், அவ்வளவுதான். துறைக்குத் துறையும் கணக்கு மாறும்: ஆள் நிறைந்த துறையில் மேற்கோள் தானாகக் கூடும், ஆளில்லாத துறையில் நல்ல வேலையும் மெலிந்தே தெரியும். சுட்டெண்ணை மட்டும் வைத்து இரண்டு ஆய்வாளர்களை ஒப்பிடுவது வீண்வேலை.

உயர்தரத்தில் உயிரியல் படிக்கும் தோட்டத்துப் பிள்ளைகள், சிக்னல் கிடைக்கும் இடத்தில் நின்று கூகுள் ஸ்கொலரில் ஜே. எஸ். எம். பீரிஸ் என்று ஆங்கிலத்தில் தேடிப் பாருங்கள். கட்டுரைகளுக்குக் கீழேயுள்ள எண்ணைப் பார்த்து மலைக்க வேண்டாம். அநுராதபுரக் கட்டுரையின் சுருக்கத்தை முதலில் வாசியுங்கள்.