கிண்டர் மலையில் ஒரு பகல்

சென்ற வைகாசியில் ஒரு நாள், இங்கிலாந்தில் டார்பிஷயர் ஜில்லாவிலுள்ள கிண்டர் ஸ்கௌட் என்னும் மலைமீது நாம் கால்நடையாக ஏறி இறங்கினோம். அதன் உயரம் 2,088 அடியே. மலை என்று சொல்லவும் கூச்சப்படத்தக்க உயரந்தான். ஆயினும், சொந்த தேசத்து மண்ணில் நடக்கும் உரிமை கேட்டு ஜனங்கள் சிறை செல்லக் காரணமாயிருந்த இடம் அது. ஆதலின் அரசியலில் சிரத்தையுள்ள எவரும் ஒரு முறை காணத்தக்க ஸ்தலம் என்போம்.

மான்செஸ்டரில் நாம் தங்கியிருந்த விடுதியில் அறிமுகமான ஐரிஷ் நண்பர் ஒருவர் உடன் வந்தார். அறுபது வயதைக் கடந்தவர். பள்ளி ஆசிரியராயிருந்து ஓய்வு பெற்றவர். நம்மைப் போலவே அந்நாட்டுக்கு யாத்திரிகர். ரயிலில் நியூ மில்ஸ் வரை சென்று, அங்கிருந்து பஸ்ஸில் ஹேஃபீல்டு கிராமத்தை அடைந்தோம். நண்பரிடம் பூகோளப் படமும் திசைகாட்டியும் இருந்தன; நம்மிடம் ஒரு குடை இருந்தது. மலைக் காற்றுக்கு அது அரை நாழிகையும் தாங்காது என்று அவர் நகைத்தார். அவ்வாறே ஆயிற்று.

கிராமத்துக்கு அப்பால் பௌடன் பிரிட்ஜ் என்ற இடத்தில் பழைய கல்குவாரி ஒன்று உண்டு. அங்கே பாறையில் ஒரு ஞாபகத் தகடு பதித்திருக்கிறார்கள். 1932-ம் ஆண்டு ஏப்ரல் 24-ந் தேதி, ஞாயிற்றுக்கிழமையன்று, சுமார் 400 பேர் அங்கே கூடினர். பென்னி ராத்மன் என்னும் இருபது வயது வாலிபர் கூட்டத்தில் பேசினார். பிறகு அனைவரும் மலையை நோக்கி நடந்தனர்.

அவர்கள் கேட்டது என்ன? வாரம் முழுவதும் புகையிலும் யந்திர ஓசையிலும் உழல்பவனுக்கு, விடுமுறை நாளில் மலைக்காற்றைச் சுவாசிக்க இடம் வேண்டும் என்பதுதான். கண்ணெதிரே மலை இருந்தது. ஆனால் அது பிரபுக்களின் சொத்து. கிரௌஸ் என்னும் காட்டுப் பறவையை வேட்டையாடுவதற்காகக் காக்கப்பட்டது. ஆகஸ்டு 12-ந் தேதி தொடங்கும் அவ்வேட்டைக்காக, ஆண்டு முழுவதும் காவற்காரர் தடியுடன் நின்றனர்.

நாம் வக்கீல் தொழில் பயின்றவராதலின், ஒரு நுட்பத்தை வாசகர்களுக்குச் சொல்ல வேண்டும். பிறர் நிலத்தில் வெறுமே நடப்பது அக்காலத்து ஆங்கிலச் சட்டப்படி குற்றமன்று. அது சிவில் வியாஜ்யத்துக்கு மட்டுமே இடந்தருவது. 'அத்துமீறி நுழைவோர் தண்டிக்கப்படுவர்' என்று நாட்டியிருந்த பலகைகளை அந்நாட்டு வக்கீல்களே 'மரப்பொய்' என்று அழைப்பதுண்டு. எனவேதான், காவற்காரருடன் நேர்ந்த கைகலப்பைக் காரணமாக்கி, கலகக் கூட்டம் முதலிய குற்றங்களைச் சுமத்தினர். டார்பி நகர நீதிமன்றம் அவ்வாண்டு ஜூலையில் ஐவருக்கு 2 மாதம் முதல் 6 மாதம் வரை சிறைத் தண்டனை விதித்தது. நடந்ததற்குத் தண்டனை இல்லை என்று சட்டம் சொல்ல, நடந்தவர்கள் சிறையில் இருந்தார்கள்!

நிற்க. நீர்த்தேக்கத்தைக் கடந்து, வில்லியம் கிளஃப் என்னும் ஓடைப் பள்ளத்தின் வழியே ஏறுகையில், நமக்கும் நண்பருக்கும் தர்க்கம் மூண்டது. 'அத்துமீறுவதைவிட மனுச் செய்வது மேலன்றோ? அக்காலத்து நடைச் சங்கத்தாரே ராத்மன் கூட்டத்தைக் கண்டித்தனரே' என்றோம். நண்பர் சிறிது நேரம் மூச்சு வாங்கி நின்றார். பிறகு, 'நீர் இப்போது நிற்கும் பாதை எப்படி வந்தது தெரியுமா? 1894-ல் ஒரு சங்கம் தோன்றி, நிலக்காரருடன் பேசிப் பேசி 1897-ல் திறந்த பாதை இது. மிதவாதிகளின் வெற்றிதான். 1932-ல் வந்தவர்கள் இதே பாதையில் ஏறினார்கள். பாதி வழியில் இதை விட்டு விலகி, சரிவில் ஏறினார்கள். முன்னவர் பாதை தராவிட்டால் பின்னவர் விலகுவதற்கு இடமேது? பின்னவர் விலகாவிட்டால் இந்த ஒற்றையடிப் பாதைக்குமேல் என்ன கிடைத்திருக்கும்?' என்றார். நாம் மறுமொழி சொல்லவில்லை.

உச்சி ஒரே சமவெளி. கரிய சேற்று மண்ணில் ஆள் மறையும் பள்ளங்கள் ஓடுகின்றன. ஆலைப் புகை பல தலைமுறையாக வந்து படிந்து பாசியைக் கொன்றுவிட்டபடியால், மண் அரித்துப் போயிற்றாம். இப்போது அப்பாசியை மீண்டும் நட்டு வளர்க்கிறார்கள். கிண்டர் டவுன்ஃபால் என்னும் அருவியில் அன்று மேல்காற்று வீசிற்று. விழ வேண்டிய நீர் மேல்நோக்கித் தூவி நம் முகத்தை நனைத்தது. சிறிது தூரம் சென்றதும் மூடுபனி இறங்கிற்று. பத்தடிக்கு அப்பால் ஒன்றும் தெரியவில்லை. அரைமணி நேரம் திசைகாட்டியை நம்பியே நடந்தோம்.

சிறை சென்றவர்களின் பயன் பிற்காலத்தில் விளைந்தது. 1949-ல் தேசியப் பூங்காச் சட்டம் பிறந்தது. 1951-ல் இம்மலை அடங்கிய பிரதேசமே அந்நாட்டின் முதல் தேசியப் பூங்காவாயிற்று. 2000-ம் ஆண்டுச் சட்டம் திறந்த மலைவெளிகளில் காலால் நடக்கும் பாத்தியதையை எல்லாருக்கும் அளித்தது. 2002-ல், எழுபதாம் ஆண்டு விழாவின்போது, அன்றைய டெவன்ஷயர் பிரபு தம் பாட்டனார் காலத்துச் செயலுக்காகப் பகிரங்கமாக மன்னிப்புக் கேட்டார். ஆயினும், இச்சட்டத்தின் பயன் இங்கிலாந்தின் நிலப்பரப்பில் நூற்றுக்குச் சுமார் 8 பங்குக்கே எட்டியிருக்கிறது. ஆகவே, கணக்குத் தீர்ந்துவிட்டதாகச் சொல்வதற்கில்லை.

இறங்கும் வழியில் ஒரு பண்ணை வாயிலில் 'தனியார் நிலம். வழியில்லை' என்ற பலகை கண்டு நம் கால் நின்றது. காலையில் மரப்பொய்யைப் பற்றி விரிவுரை செய்தவர் நாமே; மாலையில் அப்பொய்க்கு முன்னால் கைகட்டி நின்றவரும் நாமே! சுற்றிப் போகலாம் என்றோம். நண்பர் படத்தை விரித்து, அவ்வயலின் ஊடே செல்லும் பச்சைக் கோட்டைக் காட்டினார். 'பலகையைப் படிக்கிறீர், படத்தைப் படியும். இது பொதுப் பாதை. நாம் சுற்றிப் போனால் நாளை வருகிறவனும் சுற்றித்தான் போவான்' என்றார். கதவைத் திறந்து, மறவாமல் மூடி, வயலின் நடுவே நடந்தோம். ஆடுகள் தலை நிமிர்ந்து பார்த்தன, வேறொருவரும் தடுக்கவில்லை. நம் நெஞ்சு மட்டும் வெட்கத்தால் படபடத்தது.

பொதுஜனங்கள் தடையின்றி, உரிமையுடன் இருபது ஆண்டு நடந்த வழி பொதுவழியாகக் கருதப்படும் என்ற விதியும் அதே 1932-ம் ஆண்டுச் சட்டம் ஒன்றில்தான் ஏறிற்று. 'ஒரு முறை பொதுவழியானது என்றும் பொதுவழியே' என்பது அந்நாட்டுச் சட்ட வாக்கு. ஆனால் முள்ளும் வேலியும் அவ்வாக்கைப் படிப்பதில்லை. பெற்ற உரிமையை ஏட்டில் வைத்துப் பூசித்தால் போதாது. நாள்தோறும் அதன்மேல் நடக்க வேண்டும். ஒன்பது மைல் நடந்து களைத்த கால்களுடன் ஹேஃபீல்டில் பஸ்ஸுக்குக் காத்திருந்தபோது நமக்குத் தோன்றியது இதுவே.