புழுக்கத்தைத் தாங்கும் கிட்டார்

பத்தாயிரம் ரிங்கிட்டுக்கு மேல் கொடுத்து ஒரு எலெக்ட்ரிக் கிட்டார் வாங்க முடிவு செய்துவிட்டீர்கள். மலிவான கிட்டாரில் நாலைந்து வருடம் கை பழகியாயிற்று. திருவிழா மேடை, கல்யாண மண்டபம், தீபாவளி நிகழ்ச்சி என்று வாசிக்கவும் கூப்பிடுகிறார்கள். இப்போது கையில் பணம் இருக்கிறது, ஆனால் தலை சுற்றுகிறது. எதைப் பார்த்து வாங்குவது?

என்னைக் கேட்டால், கழுத்தைப் பாருங்கள். நிறத்தையும் பெயரையும் அப்புறம் பார்த்துக்கொள்ளலாம். இந்த விலையில் எல்லாக் கிட்டாரும் அழகாகத்தான் இருக்கும், கடையில் நன்றாகத்தான் ஒலிக்கும். ஜொகூரின் புழுக்கத்தில் ஆறு மாதம் கழித்தும் அப்படியே இருக்குமா என்பதுதான் கேள்வி.

கழுத்துக்கு அப்படி என்ன ஆபத்து? ஆறு கம்பிகளும் சேர்ந்து ஏறத்தாழ 45 கிலோ விசையோடு அதை இழுத்துக்கொண்டே இருக்கின்றன. பத்துக் கிலோ அரிசி மூட்டை நாலரை என்று வைத்துக்கொள்ளுங்கள். இழுபடுவதோ இரண்டு விரல் கனம்கூட இல்லாத மரம். அது வளைந்துவிடாமல் இருக்க, உள்ளே ட்ரஸ் ராட் (எதிர்ப்பக்கம் இழுத்துப் பிடிக்கும் இரும்புக் கம்பி) ஒன்று ஓடுகிறது. இந்த இழுபறி சமமாக இருக்கும்வரை கவலை இல்லை.

சமத்தைக் கெடுப்பது ஈரம். ஜொகூர் பாருவில் வெளிக்காற்றின் ஈரப்பதம் பெரும்பாலும் 80 விழுக்காட்டுக்கு மேல். ஏர்கோன் போட்ட அறையில் அது மளமளவென்று இறங்கும். மரம் ஈரத்தைக் குடித்தால் உப்பும், காய்ந்தால் சுருங்கும். பகலில் ஏர்கோன் அறை, இரவில் திறந்த மேடை என்று உங்கள் கிட்டார் மாறி மாறிப் பழகினால், கழுத்து மெல்ல முன்னோ பின்னோ வளையும். நேற்று வரை வழுக்கிக்கொண்டு போன விரல் இன்று முட்டும், கம்பி கரகரக்கும். பல பேர் அப்போது கிட்டாரையே குறை சொல்கிறார்கள்.

விலை உயர்ந்த கிட்டார்களில் இதற்கு மூன்று வழிகள் வைத்திருக்கிறார்கள். ஒன்று, வறுத்த மேப்பிள் மரம். காற்றில்லாத அடுப்பில் மரத்தைச் சூடாக்கி, உள்ளிருக்கும் ஈரத்தையும் பிசினையும் வெளியேற்றிவிடுகிறார்கள். மரம் கருப்பட்டி நிறத்துக்கு வரும், பிறகு காற்றிலிருந்து அவ்வளவாக ஈரம் குடிக்காது. அழகுக்காகச் செய்கிறார்கள் என்று நினைக்காதீர்கள், நம் ஊருக்கு இதைவிட உருப்படியான வசதி வேறில்லை. இரண்டாவது, மூன்று அல்லது ஐந்து மரத்துண்டுகளை ஒட்டிச் செய்த கழுத்து. ஒரு துண்டு வளையப் பார்த்தால் பக்கத்துத் துண்டு பிடித்துக்கொள்ளும். மூன்றாவது, ட்ரஸ் ராடுக்குத் துணையாகக் கார்பன் இழைக் கம்பி.

கழுத்தை நாமே திருத்த முடியுமா? முடியும், ஆனால் திருகு எங்கே இருக்கிறது என்று பாருங்கள். பழைய ஃபெண்டர் பாணிக் கிட்டார் சிலவற்றில் திருகைத் தொடக் கழுத்தையே கழற்ற வேண்டும். சில புதிய கிட்டார்களில் கழுத்து உடலோடு சேரும் இடத்தில் ஒரு சின்னச் சக்கரம் வெளியே தெரியும். கம்பியைத் தளர்த்தக்கூட வேண்டாம், கால் சுற்றுத் திருப்பினால் போதும். விலைப் பட்டியலில் இது பெரிய எழுத்தில் வராது. மாதம் ஒருமுறை தொட வேண்டிய இடம் என்பதால் நான் பெரிதாகச் சொல்கிறேன்.

அடுத்தது ஃப்ரெட் (கழுத்தின் குறுக்கே பதித்த உலோகப் பட்டை). வீணையில் நாம் மெட்டு என்கிறோமே, அதுதான். வழக்கமாக இதை நிக்கல் சில்வரில் செய்கிறார்கள். பெயரில்தான் வெள்ளி, உள்ளே செம்பும் நிக்கலும் துத்தநாகமும். கம்பி உரசி உரசிச் சில வருடங்களில் இதில் பள்ளம் விழும். துருப்பிடிக்காத எஃகு ஃப்ரெட் அப்படித் தேயாது, வியர்வைக்கும் அசராது. பத்தாயிரம் ரிங்கிட் கொடுக்கும்போது எஃகு ஃப்ரெட் கேட்பது பேராசை இல்லை. ஃப்ரெட் மாற்றுவது நுணுக்கமான வேலை, நன்றாகச் செய்கிறவர் கிடைப்பதும் எளிதில்லை. அந்தச் செலவு உங்களுக்கு வராமலே போகலாம்.

எஃகால் இன்னொரு லாபமும் உண்டு. கம்பியைப் பக்கவாட்டில் இழுக்கும்போது வழுக்கிக்கொண்டு போகும். நம்மவர்களுக்கு இது முக்கியம். கமகம் இல்லாமல் நாம் ஒரு சினிமாப் பாட்டைக்கூட வாசிப்பதில்லையே! வீணையில் மெட்டின் மேல் தந்தியை இழுத்து ஸ்வரத்தை அசைக்கிறோம். கிட்டாரிலும் அதே வேலைதான். கர்நாடக இசையை எலெக்ட்ரிக் கிட்டாரில் முழுக் கச்சேரியாகவே வாசிக்கும் ஆர். பிரசன்னாவைக் கேட்டுப் பாருங்கள், இந்தக் கருவியில் எவ்வளவு முடியும் என்று தெரியும். யூ. ஸ்ரீநிவாஸ் கமகத்துக்கு வசதியாக மேண்டலினின் நான்கு ஜோடித் தந்திகளை விட்டுவிட்டு ஐந்து ஒற்றைத் தந்திகளுக்குப் போனார். 1970களில் ‘சக்தி’ குழுவில் ஜான் மெக்லாக்லின் வாசித்த கிட்டாரில், மெட்டுகளுக்கு நடுவே மரத்தைக் குழிவாகச் செதுக்கியிருந்தார்கள். விரல் மரத்தில் படாமல் கம்பியை மட்டும் இழுக்கத்தான் அந்த ஏற்பாடு.

நீங்கள் மரத்தைச் செதுக்க வேண்டியதில்லை. விரல்பலகையின் வளைவை மட்டும் கேட்டுக்கொள்ளுங்கள். அந்தப் பலகை தட்டையாக இருக்காது, ஒரு பெரிய குழாயிலிருந்து சீவிய துண்டு போல லேசாக மேடாக இருக்கும். குழாய் எவ்வளவு சின்னதோ அவ்வளவு மேடு. பழைய ஃபெண்டரில் அந்தக் குழாயின் ஆரம் 184 மில்லிமீட்டர், கிப்சனில் 305, ஐபனீஸின் பல கிட்டார்களில் 400 அல்லது அதற்கும் மேல். மேடு அதிகமானால் கோர்ட் பிடிக்கச் சுகமாக இருக்கும். ஆனால் கம்பியைத் தூக்கி இழுக்கும்போது அது அடுத்த ஃப்ரெட்டில் இடித்து, ஸ்வரம் பாதியில் செத்துப்போகும்.

அப்படியானால் தட்டையானது போதுமா? கோர்டும் வேண்டும், கமகமும் வேண்டும் என்றால் கூட்டு வளைவு (தலைப்பக்கம் மேடாகவும் உடல்பக்கம் போகப்போகத் தட்டையாகவும் இருப்பது) உள்ள பலகையைக் கேளுங்கள். இன்றைய உயர்விலைக் கிட்டார்களில் இது தாராளமாகக் கிடைக்கிறது.

கம்பியின் நீளமும் கையில் தெரியும். ஃபெண்டர் பாணியில் 648 மில்லிமீட்டர், கிப்சனில் ஏறத்தாழ 628, பிஆர்எஸ் நடுவில் 635. கம்பி நீளமானால் அதே சுருதிக்கு இன்னும் இறுக்கமாகக் கட்ட வேண்டும். ஒலி தெளிவாக இருக்கும், விரல் கொஞ்சம் அதிகம் உழைக்கும். கம்பியை நிறைய இழுக்கிறவர்களுக்குக் குட்டையானது இதமாக இருக்கும். பெரிய வித்தியாசம் இல்லை என்று கடையில் சொல்வார்கள். மூன்று மணி நேரக் கச்சேரியின் கடைசிப் பாட்டில் உங்கள் விரல் வேறு பதில் சொல்லும்.

ஒலி எங்கிருந்து வருகிறது? பெரும்பாலும் பிக்கப்பிலிருந்து (கம்பியின் அசைவை மின்சாரமாக மாற்றும் காந்தமும் செம்புச் சுருளும்). ஒற்றைச் சுருள் பிக்கப் பளிச்சென்று ஒலிக்கும், கூடவே மின்கம்பிகளின் இரைச்சலையும் வாங்கிக்கொள்ளும். நம் மண்டபங்களில் விளக்கு, மின்விசிறி, ஜெனரேட்டர் எல்லாம் ஒரே வயரில் ஓடும்போது அந்த உறுமல் பாட்டுக்கு நடுவே நன்றாகவே கேட்கும். 1955இல் கிப்சனில் வேலை பார்த்த சேத் லவர் இதற்கு ஒரு வழி செய்தார். இரண்டு சுருள்களை எதிரெதிராகப் பொருத்தினால் இரைச்சல் ஒன்றையொன்று அழித்துக்கொள்ளும், இசை மட்டும் மிஞ்சும். இதுதான் ஹம்பக்கர்.

மேடையில் வாசிப்பவரானால் ஹம்பக்கர் ஒன்றாவது இருக்கட்டும். ஒரு சுருளை மட்டும் தனியாக இயக்கும் சுவிட்ச் இருந்தால் இரண்டு குணமும் ஒரே கிட்டாரில் கிடைக்கும். பிக்கப் பின்னால் மாற்றக்கூடிய பொருள் என்பதையும் நினைவில் வையுங்கள். கழுத்து பிடித்து பிக்கப் பிடிக்காவிட்டால் வாங்கலாம். மாறி இருந்தால் வாங்காதீர்கள்.

உடல் மரம்? இதைப் பற்றித்தான் எல்லாரும் அதிகம் சண்டை போடுகிறார்கள். எடையிலும் கையில் உணரும் அதிர்விலும் மரம் தெரியும். ஒலியில் அதன் பங்கு பிக்கப், கம்பி, ஆம்ப் ஆகியவற்றின் பங்கைவிட மிகச் சின்னது என்பது என் முடிவு. நம் வீட்டுக் கதவு ஜன்னல் செய்யும் மெராந்தியில்கூட ஐபனீஸ் தன் தொடக்க விலைக் கிட்டார்களைச் செய்திருக்கிறது, அவையும் நன்றாகவே பாடுகின்றன. முகப்பில் வரிவரியாக மின்னும் மேப்பிள் பலகைக்கு நீங்கள் கொடுக்கும் பணம் கண்ணுக்கானது. கொடுங்கள், தப்பில்லை. காதுக்கு என்று நினைத்து மட்டும் கொடுக்காதீர்கள்.

எடையை விளையாட்டாக நினைக்க வேண்டாம். மூன்று கிலோவுக்கும் நாலரைக் கிலோவுக்கும் உள்ள வித்தியாசத்தை முதலில் சொல்லப்போவது உங்கள் இடது தோள். சொந்த வாரைக் கடைக்கு எடுத்துப் போய், நின்றபடி வாசித்துப் பாருங்கள்.

மோட்டார் சைக்கிளில் பாலம் கடந்து சிங்கப்பூர் போய் வருகிறவரா? தலையில்லாக் கிட்டாரை ஒருமுறை எடுத்துப் பாருங்கள். சுருதி திருகுகள் உடல்பக்கம் இருக்கும், நீளமும் எடையும் குறையும், முதுகுப்பையில் தொல்லை தராது. அமெரிக்காவின் நெட் ஸ்டைன்பெர்கர் தொடங்கிய இந்த வடிவத்தைச் சுவீடனின் ஸ்ட்ராண்ட்பெர்க் இன்று பரவலாக்கியிருக்கிறது. பார்க்க விநோதமாக இருக்கும், மேடையில் மாமா ஒருவர் வந்து “தலை எங்கடா?” என்று கேட்பார். பழகிக்கொள்ளலாம்.

பாலத்தில் (கம்பிகள் உடலில் போய் நிற்கும் இடம்) மிதக்கும் ஃப்ளாய்ட் ரோஸ் வகை வேண்டுமா? கம்பிகளின் இழுப்பும் பின்னாலுள்ள ஸ்பிரிங்கும் தராசு போல நிற்கும் அமைப்பு அது. ஒரு கம்பி அறுந்தால் மற்ற ஐந்தும் சுருதி விலகும். பாடகருக்காக அரைக்கட்டை இறக்குவதும் அதில் பெரும்பாடு. பாட்டுக்குப் பாட்டு சுருதி மாற்றும் குழுவில் இருந்தால் அசையாத பாலமே நிம்மதி.

எந்த நாட்டில் செய்தது என்பது எவ்வளவு முக்கியம்? முன்பு இருந்த அளவுக்கு இல்லை. பிஆர்எஸ் தன் எஸ்இ வரிசையின் பெரும்பகுதியை நமக்குப் பக்கத்திலேயே, இந்தோனேசியாவின் சுராபாயாவில் செய்விக்கிறது. வேலைப்பாடு கையில் எடுத்தால் வியப்பாக இருக்கும். அமெரிக்க, ஜப்பானிய ஆலைகளின் கிட்டார்களுக்குப் பல மடங்கு கொடுப்பதற்கு முன், இவற்றையும் அருகருகே வைத்து வாசித்துப் பாருங்கள். வித்தியாசம் உங்கள் விரலுக்குத் தெரியவில்லை என்றால் பணம் பையிலேயே இருக்கட்டும்.

கடையில் என்ன செய்வது? முதலில் ஆம்ப் இல்லாமல் வாசியுங்கள். ஒவ்வொரு கம்பியிலும் ஒவ்வொரு ஃப்ரெட்டாக ஏறுங்கள், மேல் ஃப்ரெட்டுகளில் முழுக்கட்டை இழுத்துப் பாருங்கள். கழுத்தின் ஓரத்தில் உள்ளங்கையை ஓட்டினால் ஃப்ரெட் முனை குத்தக்கூடாது. பன்னிரண்டாம் ஃப்ரெட்டில் தொட்டு எழுப்பும் ஒலியும் அழுத்தி எழுப்பும் ஒலியும் ஒரே ஸ்வரமாக இருக்க வேண்டும். அப்புறம் ஆம்பில் இணைத்து, எந்த எஃபெக்டும் இல்லாமல் கேளுங்கள். கடைக்காரர் எக்கோவைத் திருப்பிவிட்டால் பணிவாக மூடச் சொல்லுங்கள். எக்கோவில் எல்லாக் கிட்டாரும் கந்தர்வ கானம்தான்.

சிங்கப்பூரில் வாங்கலாமா? தேர்வு அங்கே அதிகம். கோல்மன் ஸ்ட்ரீட்டின் பெனின்சுலா ஷாப்பிங் சென்டர் பல காலமாகவே கிட்டார்க்காரர்களின் இடம். ஆனால் கணக்குப் போட்டுவிட்டுப் போங்கள். ஒரு சிங்கப்பூர் வெள்ளிக்கு மூன்று ரிங்கிட்டுக்கு மேல் போகும். விலையில் 9 விழுக்காடு ஜிஎஸ்டி இருக்கும், 2024 முதல் இதுதான் விகிதம்.

அந்த வரியைத் திருப்பி வாங்கிக்கொள்ளலாமே என்று கேட்பீர்கள். பயணிகளுக்கு வரியைத் திருப்பித் தரும் திட்டம் விமானத்திலும் உல்லாசக் கப்பலிலும் கிளம்புகிறவர்களுக்குத்தான். உட்லண்ட்ஸ், துவாஸ் வழியாகத் தரையில் வீடு திரும்பும் நமக்கு அது கிடையாது. இந்தப் பக்கம் வந்ததும் நம் சுங்கத்துறையிடம் அறிவிக்க வேண்டும். என்ன வரி வரும் என்று முன்கூட்டியே கேட்டு வைத்துக்கொள்வது நல்லது. சிங்கப்பூர்க் கடையின் உத்தரவாதம் மலேசியாவில் செல்லுமா என்பதையும் எழுத்தில் வாங்கிக்கொள்ளுங்கள். ரசீதைத் தொலைக்காதீர்கள். பிறகு அதே கிட்டாரோடு அங்கே வாசிக்கப் போய்த் திரும்பும்போது, உங்களுடையது என்று காட்ட அதுதான் சாட்சி.

விரல்பலகை ஈட்டி மரமாக இருந்தால் எல்லையில் தொல்லை வருமா? 2017இல் ஈட்டி இனம் முழுவதையும் சைட்டிஸ் (அருகிவரும் உயிரினங்களின் வணிகத்தைக் கட்டுப்படுத்தும் உலக ஒப்பந்தம்) தன் பட்டியலில் சேர்த்தபோது கிட்டார் உலகமே கலங்கியது. 2019 நவம்பர் முதல், செய்து முடித்த இசைக்கருவிகளுக்கு விலக்கு உண்டு. பிரேசில் ஈட்டிக்கு மட்டும் அந்த விலக்கு இல்லை. 1992 முதல் அதற்குக் கடுமையான தடை. பழைய, அபூர்வமான கிட்டார் என்று யாராவது ஆசை காட்டினால் இதை முதலில் கேளுங்கள். கருங்காலிப் பலகை, வறுத்த மேப்பிள் பலகை என்றால் இந்தக் கவலையே இல்லை.

வாங்கியாயிற்று. எல்லைப் பாலத்தில் வண்டிகள் நகராமல் நிற்கும்போது கிட்டார் கார் பூட்டில் இருக்க வேண்டாம். அந்த வெயிலில் ஒட்டுப்பசையே இளகிவிடலாம். உங்கள் பக்கத்து இருக்கையில், ஏர்கோன் படும் இடத்தில் வையுங்கள். வீட்டுக்கு வந்ததும் பெட்டியை உடனே திறக்காமல் சில மணி நேரம் விடுங்கள், மரம் மெல்லப் பழகட்டும்.

எங்கே வைப்பது? ஈரப்பதம் 45 முதல் 55 விழுக்காடு என்பது புத்தகக் கணக்கு. நம் வீட்டில் அதை நாள் முழுவதும் பிடித்து வைப்பது கஷ்டம், 60க்கு அருகில் ஏறி இறங்காமல் இருந்தாலே போதும். ஈரமானி ஒன்று வாங்கிப் பெட்டிக்குள் போடுங்கள், கூடவே சிலிக்கா ஜெல் பொட்டலங்கள். கம்பியை வாசித்து முடித்ததும் துடையுங்கள். நான் ஒரு முறை திருவிழா முடிந்த அலுப்பில் அப்படியே பெட்டியை மூடிவிட்டேன். நான்கு நாள் கழித்துத் திறந்தால் மூன்று கம்பிகளில் செந்துரு. பூச்சுக் கம்பிகள் விலை அதிகம்தான், ஆனால் இங்கே இரண்டு மூன்று மடங்கு நாள் வருகின்றன.

மேல்பூச்சு நைட்ரோ வகையானால் ரப்பர் பிடி உள்ள ஸ்டாண்டில் நிறுத்தாதீர்கள், ரப்பர் பட்ட இடத்தில் பூச்சு இளகித் தழும்பு விழும். பாலியெஸ்டர் பூச்சுக்கு அந்தப் பயம் இல்லை.

ஒரு மாதம் கழித்து, நம் காற்றுக்கு மரம் பழகிய பிறகு, ஒரு முறை செட்டப் (கழுத்து, கம்பி உயரம், சுருதி எல்லாவற்றையும் சரிபார்த்துத் திருத்துவது) செய்துகொள்ளுங்கள். வாங்கும்போதே கடையில் இதைப் பேசி, இலவசமாக ஒரு தடவை என்று ரசீதின் பின்னால் எழுதி வாங்கிக்கொள்ளுங்கள்.