கோலுக்கு ஏற்ற ரீல் எது?

தூண்டில் என்றதும் மூங்கில் கழி, நரம்பு, தக்கை, முள், மண்புழு ஆகியவையே நம் நினைவுக்கு வருகின்றன. அங்கே எறியப்படுவது முள்ளும் அதனோடு கட்டிய ஈயக்குண்டும்தான்; அவற்றின் எடை நரம்பை இழுத்துச் செல்கிறது. இறகையும் நூலையும் முள்ளில் சுற்றிச் செய்த போலி ஈயைக் கொண்டு மீன் பிடிக்கும் 'ஃப்ளை ஃபிஷிங்' முறையில் இது தலைகீழாகிறது. போலி ஈக்குச் சொல்லத்தக்க எடை இல்லை. எடை கயிற்றில் இருக்கிறது. சாட்டையைச் சொடுக்குவதுபோல் கோல் அக்கயிற்றை வீச, கயிறு ஈயைச் சுமந்து செல்கிறது.

இக்கலை நமக்கு முற்றிலும் அந்நியமானதன்று. ட்ரவுட் மீன்களை நீலகிரி ஓடைகளில் வளர்க்க ஆங்கிலேயர் பலமுறை முயன்றனர். ஹெச்.சி. வில்சன் காலத்தில் அம்முயற்சி பலித்து, 1907-இல் அவலாஞ்சியில் குஞ்சுப் பொரிப்பகம் அமைந்தது. ஆனால், கருவிகளைப் பற்றித் தமிழில் எழுதியவர் குறைவு. நியூசிலாந்தில் பணிபுரியும் என் அக்காள் மகன் அண்மையில் தொலைபேசியில், "மாமா, கோலைவிட ரீலுக்கு இரண்டு மடங்கு விலை சொல்கிறார்கள். வாங்கலாமா?" என்று கேட்டான். 'வேண்டாம்' என்ற என் விடைக்கான காரணத்தை விளக்குவது பிறருக்கும் பயன்படும்.

முதலில், கோலின் கைப்பிடிக்கு மேலே பொறித்திருக்கும் எண்ணைப் பார்க்க வேண்டும். அது கோலின் எடையைக் குறிப்பதன்று. அக்கோல் வீசவேண்டிய கயிற்றின் எடையைக் குறிப்பது. கயிற்றின் முதல் 30 அடியை நிறுத்து எண் தரும் இந்த அளவுமுறையை அமெரிக்க உற்பத்தியாளர் சங்கம் 1961-இல் வகுத்தது. ஐந்தாம் எண் கயிற்றில் அந்த 30 அடியின் எடை 140 கிரெய்ன், அதாவது ஏறத்தாழ 9 கிராம். எட்டாம் எண்ணில் 210 கிரெய்ன். ஓடை ட்ரவுட்டுக்கு நான்கும் ஐந்தும் போதும். கடல் மீனுக்கு எட்டும் அதற்கு மேலும் வேண்டும்.

ரீலின் மீதும் '5/6' என்பதுபோல் எண் இருக்கும். ஆனால், ரீல் எதையும் வீசுவதில்லை. அந்த எண்ணுள்ள கயிறு அதில் அடங்கும் என்பது மட்டுமே அதன் பொருள். சுமார் 27 மீட்டர் கயிறும், அதற்குப் பின்னால் இருப்பாகச் சுற்றும் மெல்லிய பின்னல் நூலும் அடங்கிய பிறகு, விளிம்பில் சிறிது இடைவெளி எஞ்ச வேண்டும். இல்லையெனில் கயிறு சட்டத்தில் உரசித் தேயும். ட்ரவுட்டுக்கு 50 முதல் 100 மீட்டர் வரை பின்னல் நூல் போதும். கடலுக்கு அதைப்போல் இரு மடங்கு தேவை.

ஓடையில் ஒரு சாண், ஒன்றரைச் சாண் மீன் சிக்கினால், பெரும்பாலும் கயிற்றை இடக்கையால் இழுத்தே கரைசேர்த்துவிடலாம். ரீல் அங்கே கயிற்றைச் சுற்றிவைக்கும் பெட்டிதான். சார்லஸ் ஆர்விஸ் 1874-இல் காப்புரிமை பெற்ற, துளையிட்ட குறுகிய ரீலின் சாயலை இன்றைய ரீல்களிலும் காணலாம். 'டிக் டிக்' என்று ஒலிக்கும் எளிய பற்சக்கரத் தடையே இத்தகைய மீனுக்குப் போதுமானது. மிச்சமாகும் பணத்தில் நல்ல கயிறு வாங்குவதே அறிவுடைமை. மலிவான கயிறு எந்தக் கோலையும் கெடுத்துவிடும்.

நீண்ட தொலைவு ஓடும் சால்மன், கடல் மீன் ஆகியவற்றுக்கு இக்கணக்கு பொருந்தாது. இங்கே ரீலின் பிரேக்குக்குக் கொடுக்கும் பணம் வீணாகாது. பிரேக்கின் முறுக்குத்தடை மாறாதிருக்க, மீன் கயிற்றை உருவ உருவச் சுற்றின் விட்டம் குறைகிறது. 8 செ.மீ. விட்டம் 4 செ.மீ. ஆனால், அதே தடையை வெல்ல மீன் இரு மடங்கு விசையுடன் இழுக்க வேண்டும். அந்த விசை முழுவதும் முள்ளருகே உள்ள மெல்லிய நரம்பின் மீதே விழும். மீன் மிகத் தொலைவில் இருக்கும்போது நரம்பு அறுவதற்கு இது ஒரு முக்கியக் காரணம். அகன்ற அச்சுடைய ரீலில் விட்டம் அவ்வளவு குறைவதில்லை. ஒரு சுற்றுக்கு மீளும் கயிறும் அதிகம்: 5 செ.மீ. விட்டத்தில் 16 செ.மீ. கயிறு மீளும் என்றால், 9 செ.மீ. விட்டத்தில் 28 செ.மீ. மீளும்.

மீனுக்கும் இதில் பங்கு உண்டு. பிடித்த மீனை நீரிலேயே விட்டுவிட வேண்டும் என்ற விதி பல நாடுகளில், பல நீர்நிலைகளில் உள்ளது. நெடுநேரம் போராடிக் களைத்த மீன், விட்ட பிறகும் இறந்துபோகக்கூடும். சீராக இயங்கும் பிரேக் அந்தப் போராட்டத்தைச் சுருக்குகிறது.

ரீலின் எடை கோலைச் சமன்செய்ய வேண்டும் என்று பழைய ஆட்கள் வலியுறுத்துவர். பத்து இருபது கிராம் வேறுபாட்டுக்கு அவர்கள் தரும் முக்கியத்துவம் மிகை என்பதே என் கருத்து. கயிறு சுற்றிய ரீலைக் கோலில் பூட்டி, கைப்பிடியின் முன்பகுதியை விரல்மேல் வைத்தால் ஓரளவு சமமாக நின்றால் சரி. ஆனால், எந்தக் கையால் சுற்றுவோம் என்பதைக் கடையிலேயே சொல்லிவிட வேண்டும். பெரும்பாலான ரீல்களில் பிரேக்கின் திசையை மாற்ற முடியும். பின்னல் நூலையும் கயிற்றையும் சுற்றிய பிறகு மாற்றினால் முழுவதையும் அவிழ்த்து மறுபடியும் சுற்ற நேரிடும்.