வாங்குவோருக்கும் ஒரு தரகர் வேண்டும்

உணவு, உடை, உறைவிடம் ஆகிய மூன்றும் மனிதனின் அடிப்படைத் தேவைகள். கத்தரிக்காயை நாம் புரட்டிப் பார்த்து வாங்குகிறோம். வேட்டியை விரித்துப் பார்த்து வாங்குகிறோம். ஆனால் வாழ்நாளில் ஒரே ஒரு முறை வாங்கும் வீட்டை மட்டும் தரகரின் வாய்ச்சொல்லை நம்பி வாங்கிவிடுகிறோம். 'வீட்டைக் கட்டிப் பார்' என்று நம் முன்னோர் சும்மாவா சொன்னார்கள்!

நம் பகுதியில் விற்பனை எவ்வாறு நடைபெறுகிறது? விற்பவர் தரகரிடம் சொல்லி வைக்கிறார். தரகர் வாங்குபவரைத் தேடிப் பிடிக்கிறார். பேரம் முடிந்ததும் இருபுறமும் நூற்றுக்கு ஒன்றோ இரண்டோ பெற்றுக்கொள்கிறார். விலை ஏறினால் தரகும் ஏறும். பேரம் முறிந்தால் அவருக்கு ஒன்றுமில்லை. இதில் தனி மனிதரைக் குறை கூறிப் பயனில்லை, முறையே அப்படி அமைந்துள்ளது. ஒரே வழக்கறிஞர் வாதிக்கும் பிரதிவாதிக்கும் வாதாடினால் நாம் ஒப்புவோமா?

சில ஆண்டுகளுக்கு முன் என் தந்தையார், தோல் பதனிடும் ஆலையில் உழைத்துச் சேர்த்த பணத்தில் ஒரு சிறு மனைக்கு முன்பணம் கொடுத்தார். "வில்லங்கம் ஏதும் இல்லை அண்ணே, தண்ணி இளநீர் மாதிரி இருக்கும்" என்றார் தரகர். எங்கள் தெருவில் வசிக்கும் ஓய்வுபெற்ற ஆசிரியர் ஒருவர் வில்லங்கச் சான்று போட்டுப் பார்த்தார். மனை அடமானத்தில் இருந்தது! பக்கத்துக் கிணற்று நீர் மஞ்சள் பாய்ந்திருப்பதையும் அவரே காட்டினார். கொடுத்த முன்பணத்தில் பாதிதான் திரும்பி வந்தது. அன்று அந்த ஆசிரியர் செய்த வேலையே வாங்குவோர் தரகர் செய்ய வேண்டிய வேலை.

இராணிப்பேட்டையில் இத்தேவை இன்னும் பெரிது. பாலாற்றுப் படுகையில் தோல் கழிவு நீர் விளைத்த கேட்டை உச்ச நீதிமன்றமே 1996ஆம் ஆண்டுத் தீர்ப்பில் எடுத்துரைத்தது. மூடப்பட்ட தமிழ்நாடு குரோமேட்ஸ் தொழிற்சாலை, லட்சம் டன்னுக்கு மேற்பட்ட குரோமியக் கழிவை விட்டுச் சென்றது. குடிநீரில் குரோமியம் லிட்டருக்கு 0.05 மில்லிகிராமுக்கு மேல் இருத்தல் கூடாது என்பது இந்தியத் தர நிர்ணயம். இந்த அளவைச் சற்றுத் தாண்டிய நீர் கண்ணுக்குத் தெளிவாகவே தெரியும். ஆய்வுக்கூடச் சோதனை ஒன்றே உண்மையைக் கூறும். விற்பவரின் தரகர் அச்சோதனையைச் செய்யச் சொல்வாரா?

சட்டம் என்ன சொல்கிறது? 1872ஆம் ஆண்டு இந்திய ஒப்பந்தச் சட்டப்படி, முகவர் தம்மை அமர்த்தியவருக்கு உண்மையாக நடக்கக் கடமைப்பட்டவர். அவருக்குத் தெரியாமல் இலாபம் அடைந்தால் அவர் அதைக் கேட்டுப் பெறலாம். 2016ஆம் ஆண்டு ரியல் எஸ்டேட் சட்டம், பதிவு செய்யப்பட்ட மனைத் திட்டங்களை விற்க உதவும் தரகரும் பதிவு பெற வேண்டும் என்கிறது. ஆயினும் தனியொருவர் விற்கும் பழைய வீடு அச்சட்டத்தின் எல்லைக்குள் வருவதில்லை. பத்திரப் பதிவும் விற்பவரின் உரிமைக்கு உத்தரவாதம் அன்று. ஆகவே நம் பாதுகாப்பை நாமே தேடிக்கொள்ள வேண்டியுள்ளது.

அமெரிக்காவில் வாங்குவோருக்கெனத் தனித் தரகர் உண்டு. அங்கும் நெடுங்காலம் அவருடைய கூலி விற்பவர் வழியாகவே வந்தது. வழக்குகளுக்குப் பின் ஏற்பட்ட உடன்பாட்டால், 2024 ஆகஸ்டு முதல், வீட்டைச் சுற்றிக் காட்டுவதற்கு முன்பே அவர் தம் கூலியை வாங்குபவரிடம் எழுதி ஒப்பந்தம் செய்துகொள்ள வேண்டியதாயிற்று. கூலி யார் கையிலிருந்து வருகிறதோ அவர் பக்கமே மனம் சாயும் என்பதை அந்நாடும் உணர்ந்தது எனலாம்.

நாம் செய்ய வேண்டுவது இதுதான். விற்பவரோடு தொடர்பில்லாத ஒருவரை அமர்த்துவோம். விழுக்காடாக இன்றி ஒரே தொகையாகக் கூலி பேசுவோம். "இந்த வீடு வேண்டாம்" என்று அவர் சொன்னாலும் அதைக் கொடுப்போம். தாய்ப்பத்திரம், முப்பது ஆண்டு வில்லங்கச் சான்று, பட்டா, புலப்படம், மனை அங்கீகாரம், நீர்ச் சோதனை ஆகியவற்றைத் திரட்டுவது அவர் பொறுப்பு. உரிமையை வழக்கறிஞர் பார்க்கட்டும்.

இரட்டைச் செலவல்லவா என்று கேட்கலாம். இருபது இலட்சம் ரூபாய் மதிப்புள்ள வீட்டுக்கு முத்திரைத் தீர்வை 7 விழுக்காடு, பதிவுக் கட்டணம் 2 விழுக்காடு என ரூ.1,80,000 செலுத்துகிறோம். அதனோடு இருபதாயிரம் சேர்வது பெரிதன்று. வாழ்நாள் சேமிப்பைக் காக்கும் வேலிக்கு அதுவே விலை.

நண்பர்களே! நம்மில் பலர் வீட்டில் பத்திரம் படிக்கத் தெரிந்த முதல் ஆள் நாமாகத்தான் இருப்போம். தரகர் கிடைக்கும் வரை, நம் பெற்றோருக்கு நாமே அந்த ஆசிரியராக இருப்போம்!