ராக்கெட்டில் பிழைத்தது, ஆபரேஷனில் இறந்தது!

ராக்கெட்டில் ஏறி வானத்துக்குச் சென்ற குரங்கு ஒன்று, உயிருடன் பூமிக்குத் திரும்பி வந்தது. ஆனால் நான்கே நாளில் இறந்து போனது!

உயிர் போனது ராக்கெட்டில் அல்ல, ஆபரேஷன் மேஜையில்!

அமெரிக்காவில் 1959-ம் ஆண்டு நடந்த சம்பவம் இது.

மனிதனை வானத்துக்கு அனுப்பும் முன், அந்தப் பயணத்தை உடல் தாங்குமா என்று விஞ்ஞானிகள் அறிய விரும்பினார்கள். அதற்காக 2 பெண் குரங்குகளைத் தேர்ந்தெடுத்தார்கள்.

ஒன்றின் பெயர் ஏபிள். வட இந்தியாவில் காணப்படும் செம்முகக் குரங்கு இனம். எடை சுமார் 3 கிலோ.

மற்றொன்று பேக்கர். பெரு நாட்டிலிருந்து வந்த அணில் குரங்கு. எடை சுமார் 300 கிராம். உரித்த தேங்காய் அளவுகூட எடை இல்லை!

16 நிமிடப் பயணம்

மே 28-ந் தேதி, புளோரிடா மாகாணத்திலிருந்து ராக்கெட் புறப்பட்டது. பயணம் சுமார் 16 நிமிடம். அதில் 9 நிமிடம் குரங்குகளுக்கு எடையே இல்லை!

ராக்கெட்டின் முனைப்பகுதி கடலில் விழுந்தது. கப்பலில் சென்றவர்கள் அதை மீட்டார்கள். இரண்டும் உயிருடன் இருந்தன.

ஆனால், ஏபிளின் உடலில் பதித்திருந்த ஒரு சிறு மின்முனையால் புண் உண்டாகி விட்டது. அதை எடுத்துவிட ஜூன் 1-ந் தேதி வைத்தியர்கள் ஆபரேஷன் செய்தார்கள். மயக்க மருந்து கொடுத்தார்கள். ஏபிளின் உடல் அதைத் தாங்கவில்லை. உயிர் பிரிந்தது.

நோயை மறைக்கும் குரங்கு

ஆராய்ச்சிக்கூடக் குரங்குக்கு வைத்தியம் செய்வது எளிதல்ல. "வலிக்கிறது" என்று சொல்ல அதற்கு வாய் இல்லை. வலி இருந்தாலும் ஆள் வந்ததும் மறைத்துக் கொள்ளும்! எனவே, அது தின்னாமல் வைத்த தீனியையும், உட்கார்ந்திருக்கும் விதத்தையும் கவனித்தே வைத்தியர் நோயை அறிய வேண்டும்.

மயக்க மருந்து கொடுத்தால் சிறிய உடல் சீக்கிரம் குளிர்ந்து விடும். ஆகவே, இன்று குரங்கை எடை போட்டு, மருந்தை அளந்து கொடுக்கிறார்கள். வெதுவெதுப்பான விரிப்பில் கிடத்தி, கண் விழிக்கும் வரை மூச்சையும் இதயத் துடிப்பையும் கவனிக்கிறார்கள்.

ஊசி போட முரட்டுத்தனமாகப் பிடித்தால் குரங்கு மிரண்டு போகும். அதனால் பல இடங்களில் பழத்தைக் காட்டிப் பழக்குகிறார்கள். பழகிய குரங்கு தானே கையை நீட்டுகிறது!

மனிதனின் காச நோய் குரங்கையும் பற்றும். எனவே, பராமரிப்பவர்களுக்கும் பரிசோதனை உண்டு.

மூன்று கேள்விகள்

ஏபிள் இறந்த அதே 1959-ல், ரசல், பர்ச் என்ற இரு ஆங்கிலேய விஞ்ஞானிகள் ஒரு நூல் வெளியிட்டார்கள். பிராணிக்குப் பதில் வேறு வழி உண்டா? எண்ணிக்கையைக் குறைக்கலாமா? வேதனையைக் குறைக்கலாமா? இந்த மூன்று கேள்விகளையும் ஆராய்ச்சியாளர் கேட்க வேண்டும் என்றார்கள். பல நாடுகளின் விதிகளுக்கு இன்று அதுவே அடிப்படை.

பேக்கர் என்ன ஆனது?

பேக்கர் பிழைத்தது. பிற்காலத்தில் அலபாமா மாகாணம் ஹன்ட்ஸ்வில் நகரின் விண்வெளிக் காட்சியகத்தில் துணையுடன் வாழ்ந்தது. 1984 நவம்பர் 29-ந் தேதி, சிறுநீரகக் கோளாறால் இறந்தது. அப்போது வயது 27!

அங்கேயே அதற்குச் சமாதி உண்டு. பார்க்க வருகிறவர்கள் அதன்மேல் வாழைப்பழம் வைத்துச் செல்கிறார்கள்.